கொக்குக்குப் பின்னால்

"சிரிக்கிற மாதிரி ஒரு போட்டோ வேணும்," என்றார் டாக்டர். "கட்டி எடுக்கறதுக்கு முன்னாடி எடுத்தது. முகம் நேரா தெரியணும். பல்லு தெரியச் சிரிச்சிருந்தா ரொம்ப நல்லது."

சிரிக்க வேண்டியவள் அம்மா. டாக்டர் பார்த்தது என்னை. எங்கே போனாலும் இதே கதைதான். குடும்பத்தில் முதல் ஆளாக நான் ஒரு பட்டம் வாங்கினாலும் வாங்கினேன், அதற்கப்புறம் ஆஸ்பத்திரியிலும் வங்கியிலும் என்னைப் பெற்றவர்கள் இரண்டு பேரும் நாற்காலிக்குச் சமம். "அவங்க இங்கதான் இருக்காங்க. அவங்ககிட்டயே சொல்லுங்க," என்றேன். டாக்டர் மூக்குக் கண்ணாடியைத் தள்ளிவிட்டுக்கொண்டு அம்மா பக்கம் திரும்பினார்.

அம்மாவின் வலது காதுக்கு முன்னால் கோலிக்குண்டு அளவுக்கு ஒரு கட்டி வந்தது. வேறொரு ஆஸ்பத்திரியில் எடுத்தார்கள். கட்டி முகத்து நரம்பைச் சுற்றிக்கொண்டிருந்ததால் நரம்பையும் சேர்த்து வெட்ட வேண்டியதாகிவிட்டது. ஆள் பிழைத்தாள். முகத்தின் வலது பாதி செத்துவிட்டது. தண்ணீர் குடித்தால் ஓரமாக ஒழுகும். பேசினால் வார்த்தைகள் ஒரு பக்கமாகச் சாய்ந்து வரும். தையல் கம்பெனிக்குத் துப்பட்டாவால் வாயை மூடிக்கொண்டுதான் போய்வந்தாள்.

இந்த டாக்டர் முகத்தைச் சரிசெய்கிறவர். தொடையிலிருந்து ஒரு துண்டுத் தசையை எடுத்துக் கன்னத்துக்குள் வைத்துத் தைத்தால், அது உதட்டின் ஓரத்தை இழுக்கும் என்றார்.

"தொடையா?" என்றாள் அம்மா. "அப்ப நான் உக்காரும்போது சிரிப்பேனா, எந்திரிக்கும்போது சிரிப்பேனா?"

அப்பா சிரித்தார். அம்மாவும் சிரித்தாள், இடது பக்கத்தில். வாய் காதை நோக்கி ஓடியது. வலது பக்கம் கூடப் போகாமல் அப்படியே நின்றது. அதைப் பார்த்ததும் அப்பா நிறுத்திக்கொண்டார்.

"எந்தத் திசையில இழுக்கணும்ங்கறதை நாங்க தைக்கும்போதே முடிவு பண்ணணும்," என்றார் டாக்டர். "அப்புறம் மாத்த முடியாது. சில பேருக்குச் சிரிப்பு பக்கவாட்டுல போகும். சில பேருக்கு மேல, கன்னத்து எலும்பைப் பாத்து ஏறும்."

"இடது பக்கம் நல்லாத்தானே இருக்கு. அதைப் பாத்து வைக்கலாமே?" என்றேன்.

"அதைப் பிடிச்சு நிறுத்த இப்ப எதிர்ப்பக்கம் இல்ல. இஷ்டத்துக்கு இழுக்குது. அதை நம்பி வச்சா வேற யாரோட சிரிப்போ வந்துடும். இவங்க சிரிப்பு வேணும்னா பழைய போட்டோதான் வழி."

அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். அந்த அறைக்குள் வந்ததிலிருந்து அவருக்குத் தெரிந்த விஷயம் ஒன்று இப்போதுதான் பேச்சில் வந்தது.

"எங்க வீட்ல போட்டோவுக்கா பஞ்சம் டாக்டர்? ஒரு ஹார்ட் டிஸ்க் நிறைய இருக்கு. அடுத்த வாரம் கொண்டு வந்துடறேன்."

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்த பிறகு எனக்கு உறைத்தது. அந்த ஹார்ட் டிஸ்க்கில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். எல்லாம் கொக்கு.

அப்பா லிஃப்ட் மெக்கானிக். ஒரு கட்டடத்தில் லிஃப்ட் பழுது பார்க்கப் போனபோது, அங்கே இரண்டாவது மாடியில் இருந்த ஸ்டுடியோக்காரர் கடையைக் காலி செய்துகொண்டிருந்தார். ஊரே செல்போனில் படம் எடுக்கிறது, இதை யார் வாங்குவார் என்று சலித்துக்கொண்டே ஒரு பழைய டிஜிட்டல் கேமராவையும் ஒரு நீட்ட லென்சையும் அப்பாவின் தலையில் கட்டினார். கேமரா பத்து மெகாபிக்சல். வீடியோ எடுக்கத் தெரியாது. லென்ஸ் எழுபது–முன்னூறு மில்லிமீட்டர், தூரத்தில் இருப்பதை இழுத்துக் காட்டுவது, கேமராவோடு மாட்டுகிற வளையம்கூட பிளாஸ்டிக். உள் கண்ணாடியில் ஓரமாகப் பூஞ்சைப் புள்ளி ஒன்று.

நான் அப்போது கல்லூரியில் கடைசி வருடம். "இந்தக் குப்பையை எதுக்குப்பா தூக்கிட்டு வந்தீங்க? என் போனே இதைவிட நல்லா எடுக்கும்," என்றேன்.

"உன் போனை வச்சு அந்தப் பருந்தை எடு பாக்கலாம்," என்றார்.

எடுத்தேன். வானத்தில் ஒரு எறும்பு மிதந்தது. அவர் எடுத்த படத்தில் பருந்து தலையைச் சாய்த்து எங்கள் வீட்டு மொட்டைமாடியைக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது. கண்ணுக்குள் மஞ்சள் தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமைக் காலையில் மூன்று பேரும் பழைய நீர்த்தேக்கத்துக்குப் போவோம். கரையில் ஒரு சிமெண்டுச் சுவர். அப்பா நடுவில். லென்சின் மூக்கைச் சுவர்மேல், மடித்த சாக்குப்பையில் வைத்துக்கொள்வார். ஸ்டாண்டு வாங்க மனசு வரவில்லை. அம்மா அவருக்கு வலது பக்கம், தோளோடு தோள் ஒட்டி. நான் பிளாஸ்க்கோடு இடது பக்கம்.

அந்தக் கேமராவுக்கென்று குணம் உண்டு. வெளிச்சம் குறைந்தால் படத்தில் மணலைத் தூவும். முன்னூறு வரைக்கும் நீட்டினால் எல்லாம் பாலாடை போட்ட மாதிரி இருக்கும். கொஞ்சம் பின்னால் இழுத்து இருநூற்றைம்பதில் நிறுத்தினால் இறகுக்கு இறகு எண்ணலாம். இதையெல்லாம் எந்தப் புத்தகமும் அப்பாவுக்குச் சொல்லவில்லை. மோட்டார் சத்தத்தை வைத்து லிஃப்டின் நோயைக் கண்டுபிடிக்கிற மாதிரி தட்டித் தட்டிப் பார்த்துத் தெரிந்துகொண்டார். பறவை அசைந்தால் லென்ஸ் ஃபோகஸைத் தேடிக்கொண்டு முன்னும் பின்னும் ஓடும், கர்ர், கர்ர் என்று.

"செருப்பைக் காணோம்னு தேடற மாதிரி தேடுது," என்பாள் அம்மா.

பளிச் வெயிலில் வெள்ளைக் கொக்கை எடுத்தால் இறகின் ஓரத்தில் கத்தரிப்பூ நிறத்தில் ஒரு கோடு விழும். மலிவான கண்ணாடியின் குறை. அம்மா திரையை உற்றுப் பார்த்துவிட்டு, "கொக்குக்கு யாரு இவ்வளவு அழகா ஓரத்துல ஓவர்லாக் தையல் அடிச்சது? எங்க கம்பெனில இப்படி அடிச்சா சூப்பர்வைசர் காலைத் தொட்டுக் கும்பிடுவான்," என்றாள்.

பறவையைக் கண்டுபிடிப்பதும் அவள் வேலைதான். நாளெல்லாம் தையல் ஊசியில் வைத்திருந்த கண் அது. "கம்பத்துக்கு இந்தப் பக்கம். ரெண்டாவது கிளை. இல்ல, அது காஞ்ச இலை, அதுக்குக் கீழ. ஐயோ, உங்களைக் கட்டிக்கிட்டு நான் படற பாடு." அப்பா தேடித் தேடி, ஃபோகஸ் கிடைத்து, விரலை அழுத்தப்போகிற நேரத்தில் மீன்கொத்தி பறந்துவிடும். அப்போது அம்மாவுக்குச் சிரிப்பு வரும். முதலில் சத்தம் வராது. தோள் மட்டும் குலுங்கும். அந்தக் குலுக்கல் அப்பாவின் தோளுக்குப் போய், அங்கிருந்து லென்சுக்குப் போகும். அடுத்த படமும் ஆடிவிடும்.

"சிரிக்காத, எல்லாம் பறந்துடும்," என்பார் அப்பா, கண்ணை எடுக்காமல்.

எனக்கும் அது பிடித்துத்தான் இருந்தது. வாரம் முழுக்கச் சரக்கு அனுப்பும் ஆபீசில் திரையைப் பார்த்து உட்கார்ந்திருந்துவிட்டு, ஒற்றைக் கண்ணை மூடி கேமராவின் அந்தச் சின்னத் துவாரத்தில் பார்ப்பேன். எதிர்க்கரையில் நிற்கிற நீர்க்காகம் மூக்குக்கு முன்னால் வந்து இறக்கையை உலர்த்தும். என் முறை முடிந்தாலும் கேமராவைத் திருப்பித் தர மாட்டேன். "ஆபீசர் அம்மா, அவருக்கும் கொஞ்சம் குடுங்க," என்று அம்மா என் இடுப்பில் கிள்ளுவாள்.

இத்தனை ஞாயிற்றுக்கிழமைகள். அம்மா எந்தப் படத்திலும் இல்லை.

டாக்டரைப் பார்த்துவிட்டு வந்த அந்த வாரம் ஒரு நாள், ஆபீசிலிருந்து வந்ததும் வந்ததுமாக அப்பாவும் நானும் கணினி முன் உட்கார்ந்தோம். அப்பா போட்டிருந்த ஃபோல்டர் பெயர்களைப் பார்த்தால் சிரிப்பு வந்திருக்கும், வேறு நாளாக இருந்தால். 'கொக்கு'. 'கொக்கு நல்லது'. 'கொக்கு ரொம்ப நல்லது'. 'பருந்து'. 'பேர் தெரியாதது'. ஒவ்வொன்றாகத் திறந்தோம். ஒரு படத்தின் மூலையில் அம்மாவின் சுட்டுவிரல் இருந்தது, மங்கலாக, எதையோ காட்டிக்கொண்டு. இன்னொன்றில் துப்பட்டாவின் நுனி காற்றில் குறுக்கே வந்திருந்தது. சுவரின்மேல் எங்கள் மூன்று பேரின் நிழல். அவ்வளவுதான். அந்த லென்சுக்கு ஒன்றரை மீட்டருக்குள் இருப்பது எதுவும் கண்ணில் படாது. அம்மா ஒரு நாளும் ஒன்றரை மீட்டருக்கு அப்பால் உட்காரவில்லை.

"ஆடின படத்தையெல்லாம் என்ன பண்ணினீங்க?" என்றேன்.

"அப்பவே அழிச்சிடுவேன். கார்டு சின்னது பாப்பா. மங்கலா இருக்கறதை வச்சு என்ன பண்றது?"

என் போனைத் துழாவினேன். அம்மாவின் முன்பல் ஒன்று வரிசை தப்பி வளர்ந்தது. சின்ன வயதில் யாரோ சொன்ன கிண்டலை இன்னும் சுமந்துகொண்டிருக்கிறாள். யாராவது போனைத் தூக்கினால் அவள் கை தானாக வாய்க்குப் போய்விடும். என் பட்டமளிப்பு நாளில் கை. என் பிறந்தநாளில் கை. ஒரு வீடியோவில் அவள் சிரிக்கிற சத்தம் முழுசாக இருக்கிறது. முகம் இருக்க வேண்டிய இடத்தில் உள்ளங்கை இருக்கிறது. அடையாள அட்டைகளில் எல்லாரையும் போல முறைத்திருந்தாள். கல்யாண போட்டோவில் இரண்டு பேரும் தீர்ப்புக்குக் காத்திருக்கிறவர்கள் மாதிரி நின்றார்கள்.

அந்தக் கரையில்தான் அவள் வாயை மூடாமல் சிரித்தாள். அங்கே ஒரு கேமரா இருந்தது. ஆனால் அது வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது.

எனக்குப் பொறுக்கவில்லை. "ஊர்ல இருக்கிற கொக்குக்கெல்லாம் போட்டோ இருக்கு. கூட வாழ்ந்தவளுக்கு ஒண்ணு கிடையாது. நல்லா இருக்குப்பா."

அப்பா மவுஸைப் பிடித்தபடியே இருந்தார். "அவ பக்கத்துலயேதானே இருந்தா," என்றார்.

"அதைத்தான் சொல்றேன்."

அடுக்களையிலிருந்து அம்மாவின் குரல் வந்தது. "அவரை ஏண்டி கத்தற? எடுத்திருந்தாலும் நான் கையை வச்சு மறைச்சிருப்பேன்."

"எட்டப் போய் நின்னு எடுத்திருந்தா உனக்குத் தெரிஞ்சே இருக்காதும்மா. அந்த லென்சே அதுக்குத்தானே இருக்கு? தூரத்துல இருக்கறதை, அதுக்குத் தெரியாம எடுக்கறதுக்கு."

அடுக்களையில் பாத்திரச் சத்தம் நின்றது. அப்பா என் பக்கம் திரும்பவில்லை. லென்சின் குணம் அத்தனையும் தெரிந்த மனுஷருக்கு இந்த ஒன்று தோன்றவே இல்லை என்பதை அவர் முதுகே சொன்னது.

மவுஸை நகர்த்திக்கொண்டே, "இரு. ஒரு தடவை எதிர்க்கரைக்குப் போனேன்," என்றார்.

'கொக்கு ரொம்ப நல்லது'க்குள் கடைசியில் இருந்தது அந்தப் படம். அன்றைக்குச் சூரியன் தோதாக விழ வேண்டும் என்று அவர் மட்டும் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போனார். நானும் அம்மாவும் சுவரிலேயே இருந்தோம். தண்ணீரிலிருந்து ஒரு கொக்கு எழும்புகிறது. கால் நுனியிலிருந்து சொட்டுகிற நீர் ஒவ்வொரு துளியாகத் தெரிகிறது. அவர் எடுத்ததிலேயே சிறந்த படம். வீட்டுச் சுவரில்கூட மாட்டி வைத்திருக்கிறோம். தினம் பார்க்கிறோம்.

அப்பா அதைப் பெரிதாக்கினார். கொக்கைத் தாண்டி, தண்ணீரைத் தாண்டி, பின்னால். அங்கே செங்கல் நிறத்தில் ஒரு தீற்றல். அதன்மேல் பழுப்பாக ஒரு வட்டம்.

"இதுதான் அவ," என்றார்.

பக்கத்தில் ஒரு நீலத் தீற்றல் இருந்தது. அது நானாக இருக்க வேண்டும்.

"அன்னிக்கு என்னமோ சொல்லிச் சிரிச்சா. அந்தக் கரை வரைக்கும் எனக்குக் கேட்டுச்சு பாப்பா. ஃபோகஸ் கொக்குல இருந்துச்சு."

இன்னும் பெரிதாக்கினார். வட்டம் கட்டம் கட்டமாக உடைந்தது. அவர் நிறுத்தவில்லை. திரை முழுக்கப் பழுப்புச் சதுரங்கள் வந்த பிறகும், அவற்றில் எது வாய் என்று தேடுகிறவர் மாதிரி முகத்தைக் கிட்டக் கொண்டுபோனார். நான் எழுந்து வெளியே போய் நின்றேன்.

டாக்டரிடம் போகிற அன்று அந்தப் படத்தைப் பெரிய அளவில் அச்சுப் போட்டு, உறையில் வைத்து எடுத்துவந்தார் அப்பா. "இதையா காட்டப் போறீங்க?" என்றேன். "இருக்கறதைத்தானே காட்ட முடியும்," என்றார்.

டாக்டர் உறையைப் பிரித்து, கொஞ்சம் தள்ளிப் பிடித்துப் பார்த்தார்.

"பறவை ரொம்ப நல்லா வந்திருக்கு," என்றார்.

அப்பா மேசைக்கு மேலாகக் குனிந்து பின்னாலிருந்த தீற்றலை விரலால் தொட்டுக் காட்டினார். டாக்டர் நல்ல மனுஷர்தான். மறுபடியும் பார்த்தார். பிறகு படத்தை உறைக்குள் வைத்து, இரண்டு கையாலும் அப்பாவிடம் கொடுத்தார்.

"சரி, நீங்களே சொல்லுங்க. கூடவே இருந்தவங்கதானே. இவங்க சிரிச்சா உதடு எப்படிப் போகும்? பக்கவாட்டுலயா, மேலயா?"

"மேல," என்றார் அப்பா.

"பக்கவாட்டுல," என்றேன் நான்.

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சொன்னோம். டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார்.

"மேலதான் பாப்பா. கண்ணு சுருங்கும் இல்ல? அப்ப கன்னம் ஏறும்."

"கன்னம் ஏறும். உதடு நீளமாத்தான் போகும். அதனாலதானே ஓரத்துப் பல்லு தெரியும்னு அவங்க மறைக்கறாங்க."

"அது முன்பல்லு."

"எனக்குத் தெரியாதா?"

சொல்லிவிட்டேனே தவிர எனக்குத் தெரியவில்லை. அந்த அறையில் உட்கார்ந்து, கண்ணை மூடி, கரையில் அம்மா சிரிக்கிறதைக் கொண்டுவரப் பார்த்தேன். தோள் குலுங்குவது வந்தது. சத்தம் வந்தது. முகம் வர வேண்டிய இடத்தில் மீன்கொத்தி வந்தது. நாங்கள் இரண்டு பேரும் அவள் சிரிப்பைக் கேட்டுக்கொண்டு மட்டும்தான் இருந்திருக்கிறோம். பார்த்தது அவள் விரல் காட்டிய இடத்தை. இருநூற்றைம்பதுக்கும் முன்னூறுக்கும் வித்தியாசம் சொல்கிற அப்பாவும் என்னை மாதிரியேதான் உளறிக்கொண்டிருந்தார். அவர் முகத்திலேயே தெரிந்தது.

டாக்டர் அம்மாவைக் கேட்டார். "உங்களுக்கு நினைவிருக்காம்மா?"

"நான் எங்க பாத்தேன் டாக்டர்? சிரிப்பு வரும்போது கண்ணாடியையா தேடிக்கிட்டுப் போவாங்க?" என்றாள் அம்மா. அப்புறம் எங்கள் இரண்டு பேரையும் பார்த்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருக்கலாம். "இவங்க ரெண்டு பேரையும் விடுங்க. ஒரு நாள்கூட ஒத்துப் போனதில்ல. நீங்களா பாத்து ஏதாச்சும் வைங்க."

டாக்டர் ஒரு தாளில் முகம் வரைந்தார். உதட்டு ஓரத்திலிருந்து மேலே ஒரு கோடு, பக்கவாட்டில் ஒரு கோடு. இரண்டுக்கும் நடுவில் மூன்றாவதாக ஒன்றைப் போட்டு அதை மட்டும் தடிமனாக்கினார்.

"நடுவுல வச்சிடறேன்," என்றார்.

அப்பா தலையாட்டினார். நானும் ஆட்டினேன். வேறென்ன செய்வது? என் அம்மாவின் சிரிப்பை, அவளைச் சரியாகப் பார்க்காத இரண்டு பேருடைய ஞாபகத்துக்கு நடுவில் வைத்துத் தைத்தார்கள்.

புதுத் தசைக்கு உயிர் வர மாதக் கணக்கில் ஆகும் என்றார்கள், ஆனது. மெல்லுகிற தசைக்குப் போகும் நரம்பிலிருந்து இணைப்புக் கொடுத்திருந்ததால், பல்லை அழுத்திக் கடித்தால்தான் உதடு நகரும். வேடிக்கையாக ஏதாவது கேட்டால் பழையபடி இடது பக்கம் மட்டும் போகும். வலது பக்கமும் சிரிக்க வேண்டுமென்றால் அவளாக நினைத்து, கடித்து, சிரிக்க வேண்டும். பழகப் பழகச் சரியாகும் என்றார் பயிற்சி கொடுக்கிற பெண். தினமும் வேலைக்குப் போகுமுன் அம்மா அலமாரிக் கண்ணாடி முன்னால் நின்று சிரித்துப் பழகினாள்.

அப்பா அவளை இப்போது விதவிதமாகப் படம் எடுக்கிறார், மாடியிலிருந்து, தெருமுனையிலிருந்து. ஆளில்லாத வீட்டைக் காவல் காக்கிற மாதிரி.

போன வாரம் நான் தலை வாரிக்கொண்டிருந்தபோது, "இங்க வாடி," என்று கூப்பிட்டாள். கண்ணாடியில் அவள் முகத்தைப் பார்த்தேன். தாடை இறுகியது. இரண்டு ஓரமும் ஒன்றாக நகர்ந்தன. அளவான, ஒழுங்கான சிரிப்பு. வங்கி வாசலில் வரவேற்கிற பெண்ணின் சிரிப்பு மாதிரி இருந்தது. நல்லாத்தான் இருந்தது. யார் பார்த்தாலும் நல்லா இருக்கிறது என்றுதான் சொல்வார்கள்.

"முன்ன மாதிரி இருக்கா?" என்றாள், சிரிப்பை விடாமல், பல்லுக்கு இடையில்.

அப்பா வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தார்.

"அப்படியே இருக்கும்மா," என்றேன்.

"ஆமா. இப்படித்தான்," என்றார் அப்பா.

அம்மா கடியைத் தளர்த்தினாள். முகம் இறங்கியது. கண்ணாடியிலேயே என்னைப் பார்த்தாள், பிறகு அப்பாவை.

"இன்னிக்கு மட்டும் ரெண்டு பேரும் ஒரே மாதிரி சொல்றீங்க," என்றாள்.